நான்கு வீட்டு மாத்திரை

எங்கள் தெருவில் நான்கு வீட்டு மாத்திரை என் பொறுப்பில் இருந்தது. யாரும் என்னை நியமிக்கவில்லை. நானேதான் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் வேலை பார்த்த தொழிற்சாலைக்கு ஆவடிப் பக்கம் ஒரு டிஸ்பென்சரி உண்டு. ஓய்வு பெற்றவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் அங்கே வைத்தியம் இலவசம். குவார்ட்டர்ஸில் இருந்தவரை நடந்தே போய் வந்தோம். ரிட்டயர் ஆனதும் திருநின்றவூரில் மனை வாங்கி வீடு கட்டி வந்துவிட்டோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் மாத்திரைக்காக ரயில் ஏற வேண்டியதாயிற்று. எங்களைப் போலவே அந்த டிஸ்பென்சரியை நம்பி இருந்தவர்கள் தெருவில் இன்னும் மூன்று வீடு. எல்லாருக்கும் சுகர், எல்லாருக்கும் பிரஷர். நான்கு பேரும் தனித்தனியாக வரிசையில் நின்று கால் கடுப்பதற்கு ஒருத்தி போய் நான்கு வீட்டுக்கும் வாங்கி வந்தால் என்ன என்று கேட்டவள் நான்தான். அவரவர் சிகிச்சை நோட்டைக் கொடுத்து அனுப்பினால் போதும். பழைய நோயாளிகள் என்றால் ஆளைப் பார்க்காமலே 'அதே மாத்திரை' என்று டாக்டர் எழுதிக் கொடுப்பது அங்கே பழகிப்போன விஷயம். அந்த வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் கையில் அடுத்த வீட்டு நோட்டும் இருக்கும்.

எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது, பொய் சொல்வானேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி ஸ்டோரில் இருபத்தாறு வருஷம் இருந்தவள் நான். ஒரு போல்ட் குறைந்தாலும் தூக்கம் வராது எனக்கு. ரவிக்கைத் துணி மிச்சத்தில் நான்கு பை தைத்தேன். எங்கள் வீட்டுக்கு நீலம், மாடி வீட்டு வாத்தியாருக்குப் பச்சை, கோடி வீட்டுக்கு மஞ்சள், எதிர்வீட்டுக்குச் சிவப்பு. கவுன்ட்டரில் வாங்கும்போதே அட்டையைத் திருப்பி, பெயரைப் படித்து, நோட்டோடு ஒத்துப் பார்த்து, அந்தந்தப் பையில் போட்டுவிடுவேன். மாத்திரை கொடுக்கும் ஆளே, "அம்மா, நீங்க வந்தா எனக்கு ஒரு வேலை குறைச்சல்" என்பார். வீட்டில் என் வீட்டுக்காரர், "டாக்டரம்மா டூட்டி முடிஞ்சு வந்தாச்சு, எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்று கிண்டலடிப்பார். நான் முறைப்பேன். உள்ளுக்குள் குளுகுளு என்றுதான் இருக்கும்.

நான்கு வருஷத்தில் ஒரு மாத்திரை மாறியதில்லை. அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மாத்திரை மாறாதது உண்மைதான். ஆனால் என் வாயால் எதிர்வீட்டுக்காரியின் சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டன. அதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

அவள் என்னைவிட எட்டு வயது இளையவள். இந்த ஊர்க்காரியே. அவள் புருஷன் எங்கள் தொழிற்சாலையில் ஹெல்பராக இருந்து, வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அந்த வகையில் அவளுக்கும் டிஸ்பென்சரி நோட்டு உண்டு. ஒரே மகள், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. இவள் ஸ்டேஷன் ரோட்டு முனையில் தள்ளுவண்டி போட்டு இட்லி விற்றாள். விடிவதற்குள் அடுப்பு மூட்டினால் பத்து மணி வரை நின்ற கால் நிற்பாள். ரயில் பிடிக்க ஓடுகிறவர்கள் அவளிடம் இரண்டு இட்லியை முழுங்கிவிட்டு ஓடுவார்கள். வாய் ஓயாது. "இன்னா நைனா, சட்னி வோணாமா? பிளாட்பாரம் எங்கியும் போவாது, துன்னுட்டுப் போ" என்று அதட்டுவாள். அவள் அதட்டலைக் கேட்கவே சிலர் வருவார்கள் என்று நினைக்கிறேன்.

என்னை அவள் அக்கா என்பாள். நான் மாத்திரை வாங்கப் போகும் நாளில் காலை ஏழு மணிக்கு வாழை இலையில் கட்டி நாலு இட்லி வந்துவிடும். "எனக்கோசரம் அங்க போயி நின்னுகினு கீற, வெறும் வயித்தோட போவாத" என்பாள். அந்த இட்லியை நான் ரயிலில் உட்கார்ந்து சாப்பிடுவேன்.

போன வருஷம் தீபாவளிக்கு முந்தின மாதம் அவளுக்கு இரண்டு முழங்காலும் பிடித்துக்கொண்டது. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் நிற்க முடியவில்லை. வண்டியை ஒரு நாள் போடாமல் என்னோடு டிஸ்பென்சரிக்கு வந்தாள். டாக்டர் ஒரு பெண். நல்ல மாதிரி, ஆனால் மூச்சுவிட நேரமில்லாமல் கூட்டம். முழங்காலை அழுத்திப் பார்த்துவிட்டு ஆரஞ்சு நிறத்தில் ஒரு வலி மாத்திரை எழுதினார்.

"அஞ்சு நாளைக்கு மட்டும்தான். சுகர், பிரஷர் இருக்கறவங்க இதைத் தொடர்ந்து போடவே கூடாது. கிட்னிக்கு ஆகாது" என்றார்.

இவள் அப்போது மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்ததோ இல்லையோ, எனக்குத் தெரியாது. என் காதில் நன்றாகவே விழுந்தது.

அந்த ஐந்து நாளில் அவள் ஆளே மாறிவிட்டாள். வண்டிக்குப் பின்னால் பம்பரமாகச் சுற்றினாள். மாத்திரை தீர்ந்ததும் வலி பழையபடி வந்து உட்கார்ந்தது. அடுத்த மாதம் நான் கிளம்பும்போது இட்லிப் பொட்டலத்தோடு வந்து நின்றாள்.

"அக்கா, அந்த ஆரஞ்சு மாத்தர கீதே, அத்த மட்டும் எப்டினா வாங்கியாந்துடுக்கா. அது இல்லாங்காட்டி என்னால நிக்கவே முடில."

"அஞ்சு நாளைக்குத்தானே எழுதினாங்க?"

"நீ கேட்டா குடுப்பாங்கக்கா. நீ பேசுனா அங்க யாரு இல்லன்னு சொல்லுவா?"

இந்த ஒரு வார்த்தை போதாதா எனக்கு? குதிரை மேல் ஏறிக்கொண்டேன்.

டாக்டரிடம் மற்ற மூன்று நோட்டையும் எழுதி வாங்கிவிட்டு, கடைசியில் அவள் நோட்டை நீட்டினேன். "மேடம், அந்த முட்டி வலி மாத்திரையும் கொஞ்சம் சேர்த்து எழுதிடுங்க."

"இன்னும் போடறாங்களா?" என்று நிமிர்ந்தார் டாக்டர்.

"இல்ல மேடம், வலி ரொம்ப வந்தா மட்டும் எப்பவாவது ஒண்ணு."

கூசாமல் சொன்னேன். அவள் ஒரு வேளைகூட விடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். டாக்டர் யோசித்தார். எனக்குப் பின்னால் இருபது பேர் நின்றார்கள்.

"அவங்க எப்படி இருக்காங்க? கால் வீக்கம், வாந்தி ஏதாவது?"

"நல்லா இருக்காங்க மேடம்."

"சரி, இந்தத் தடவை எழுதறேன். அடுத்த தடவை அவங்களைக் கூட்டிட்டு வாங்க. ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பார்க்கணும்."

அன்றைக்கு வந்து அவளிடம் சொன்னேன். சொல்லவில்லை என்று நானே என்னைத் தூற்றிக்கொள்ள மாட்டேன், அந்த முதல் தடவை சொன்னேன். அவள், "வண்டிய வுட்டுட்டு எப்டிக்கா வர்றது? வாடிக்க போச்சின்னா வேற எவனாச்சும் வந்து குந்திக்குவான். நீயே ஒரு வார்த்த சொல்லி வாங்கியாந்துடு" என்றாள். அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'ஏண்டி, உயிர் முக்கியமா, வண்டி முக்கியமா' என்று நாலு போட்டிருக்க வேண்டும். எத்தனையோ விஷயத்துக்கு அவளை அதட்டியிருக்கிறேன். அன்றைக்கு அதட்டவில்லை. "சரி விடு, நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

அதோடு வழக்கமாகிவிட்டது. மற்ற மாத்திரைகளோடு அதுவும் மாதக் கணக்கில் நோட்டில் ஏறிவிட்டது. மாதா மாதம் டாக்டர் கேட்பார், "எப்படி இருக்காங்க?" மாதா மாதம் நான் சொல்வேன், "நல்லா இருக்காங்க." இன்னும் இரண்டு தடவை கூட்டி வரச் சொன்னார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அதை அவளிடம் சொல்லவே இல்லை. சொன்னால் வரமாட்டாள், எதற்குச் சொல்லி வாய் வலிக்க வேண்டும் என்று நானாகவே முடிவு கட்டினேன். இன்னொன்றும் உண்டு. அவளைக் கூட்டிப் போனால் அந்த மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால், அக்கா பேசினால் எதுவும் நடக்கும் என்ற என் பெயர் என்ன ஆவது? அப்போது இப்படி நினைத்தேனா என்று கேட்டால், வார்த்தையாக நினைக்கவில்லை. ஆனால் அடியில் அதுதான் இருந்தது.

பங்குனி மாதம். நான் தெருவில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். அவள் சேலையைச் சற்றுத் தூக்கிக் காலைக் காட்டினாள்.

"பாருக்கா, காலு ரெண்டும் எப்டி பொத்தினு வீங்கிகினு கீது. அமுக்குனா குழி வுழுது. ஒண்ணுக்கும் ஒயிங்கா போவல. நாளைக்கி போறல்ல, டாக்டராண்ட மறக்காம சொல்லு. இன்னா ஏதுன்னு கேட்டுகினு வா."

"நாள் பூரா நின்னுக்கிட்டே இருந்தா வீங்காம என்ன செய்யும்? படுக்கும்போது காலுக்குத் தலையணை வை" என்றேன், பெரிய டாக்டர் மாதிரி.

"அதெல்லாம் வெச்சிகினுதாங்கீறேன். நீ கேளுக்கா. எனக்கு பயமா கீது" என்றாள்.

அவள் பயம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் டிஸ்பென்சரியில் கரன்ட் இல்லை. வரிசை வெயிலில் வாசல்வரை நின்றது. நான் உள்ளே போவதற்குள் பதினொன்றரை ஆகிவிட்டது. ரயிலை விட்டால் அடுத்தது எப்போதென்று தெரியாது. நான்கு நோட்டையும் ஒன்றாக வைத்தேன். டாக்டர் கைக்குட்டையால் விசிறிக்கொண்டே எழுதினார்.

"எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க மேடம்."

வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடி வந்து ரயிலில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்தபோதுதான் ஐயோ என்று நினைவு வந்தது. அவள் காலைப் பற்றிச் சொல்லவே இல்லை. ரயில் நகர ஆரம்பித்துவிட்டது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பியிருக்கலாம். நாலு நிமிஷ தூரம். பசி, வெயில், சோம்பல். அடுத்த மாதம் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

சாயங்காலம் சிவப்புப் பையை வாங்க வந்தவள் வாசலிலேயே கேட்டாள். "டாக்டரு இன்னாக்கா சொன்னாங்க?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? 'இன்னாக்கா நீ' என்று ஒரு அலுப்பு அலுத்திருப்பாள், அவ்வளவுதானே. அது எனக்கு ஆகவில்லை. நான்கு வருஷத்தில் ஒன்றையும் மறக்காதவள் ஆயிற்றே நான்.

"சொன்னேன். ஒண்ணும் இல்லையாம். நின்னு வேலை செய்யறதால வர்ற வீக்கம்தானாம். காலைத் தூக்கி வெச்சுப் படுக்கச் சொன்னாங்க" என்றேன்.

நான் முந்தின நாள் சொன்னதையே டாக்டர் வாயில் வைத்துச் சொன்னேன். அவள் முகம் அப்படியே மலர்ந்தது. "அப்பாடா" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பிறகு பையை வாங்கிக்கொண்டு போனாள்.

அதற்கடுத்த மாதம் நான் டாக்டரிடம் வீக்கத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், போன மாதம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். ஆளைக் கூட்டி வா என்பார். கூட்டிப் போனால், போன மாதம் ஒன்றும் இல்லை என்றீர்களே என்று அவள் டாக்டரிடம் கேட்பாள். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அது வெளியே வராமல் இருக்க அவள் உடம்பையே மூடி வைத்தேன். "நல்லா இருக்காங்க மேடம்."

வைகாசியில் ஒரு காலை, வண்டிக்குப் பக்கத்தில் சுருண்டு உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் உப்பியிருந்தது. மூச்சு இரைத்தது. குடித்த தண்ணீரும் வெளியே வந்தது. மகள் ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கியிருந்தாள். ஓடி வந்து என் கதவைத் தட்டினாள். ஆட்டோ பிடித்து இரண்டு பேருமாக நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். சிவப்புப் பையை நான்தான் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன்.

ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு இளம் டாக்டர் வந்தார். "கிட்னி ரெண்டும் ரொம்ப பாதிச்சிருக்கு. என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்க?" என்று மகளிடம் கேட்டார்.

"சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை சார்."

"வேற? வலி மாத்திரை, நாட்டு மருந்து, ஏதாவது?"

"இல்ல சார். அவ்ளோதான்."

மகள் பொய் சொல்லவில்லை. வலி மாத்திரையை எங்கள் பக்கம் யாரும் மாத்திரை என்று எண்ணுவதே இல்லை. அது தைலம் மாதிரி, தலைவலிக்கும் கால்வலிக்கும் கையில் இருப்பது. அதோடு ஷிஃப்டுக்கு ஓடும் அந்தப் பெண் வீட்டில் தூங்க மட்டும்தான் இருந்தாள். தெரிந்தவள் நான். மகளுக்குப் பின்னால் இரண்டடியில் நின்றேன். ஆரஞ்சு மாத்திரை நான்கு அட்டை என் கக்கத்தில் இருந்தது. டாக்டர் என்னையும் ஒரு பார்வை பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஏன் வாயைத் திறக்கவில்லை? எத்தனையோ தடவை என்னையே கேட்டுவிட்டேன். யார் வாங்கிக் கொடுத்தது என்று அடுத்த கேள்வி வரும் என்று பயம், அவ்வளவுதான். அந்த டாக்டர் கேட்டதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் நான். அதை விழுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரரிடம் மட்டும் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். பிறகு, "பெரிய டாக்டருங்க பார்த்துப்பாங்க. நீ எதுவும் வெளியே சொல்லாதே. இப்ப சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகுது?" என்றார். எனக்கும் அந்த வார்த்தை வேண்டியிருந்தது. பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஃபிளாஸ்கில் கஞ்சி கொண்டுபோனேன், சிவப்புப் பையும் இன்னும் என்னிடமே இருந்தது. மகள் கீழே மருந்து வாங்கப் போயிருந்தாள். இவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் ஊசி குத்தி பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அந்த உப்பிய முகத்திலும் ஒரு சிரிப்பு.

"வந்தியாக்கா. முட்டி ரெண்டும் உயிரு போவுது. இவங்க அதுக்கு ஒண்ணும் குடுக்க மாட்றாங்க. ஒரு வாய் தண்ணி குடு" என்றாள்.

டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். அவள் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்துப் பல்லால் நாடாவை அவிழ்த்து, உள்ளங்கையில் கவிழ்த்தாள். ஆரஞ்சு மாத்திரை ஒன்று உருண்டு வந்தது. "நேத்தியும் ராவுல ஒண்ணு போட்டேன், கொஞ்சம் தேவல" என்று சொல்லிக்கொண்டே வாய்க்குக் கொண்டுபோனாள்.

தட்டிவிட்டேன். டம்ளர் போய் விழுந்து வார்டே திரும்பிப் பார்த்தது. "இன்னாக்கா!" என்று அவள் அலறினாள். அதற்குள் நான் நர்ஸ் மேசைக்கு ஓடிவிட்டேன். அந்த இளம் டாக்டர் அங்கேதான் இருந்தார். சிவப்புப் பையை மேசையில் கொட்டினேன்.

"இதையும் சாப்பிடறாங்க சார். எட்டு மாசமா. தினம் ரெண்டு."

அவர் அட்டையை எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நேத்து கேட்டேனே. நீங்க இங்கதானே நின்னீங்க?"

"நின்னேன் சார்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

அதற்கு மேல் அவர் நிற்கவில்லை. நர்ஸிடம் என்னவோ சொல்லிக்கொண்டே கட்டிலை நோக்கி நடந்துவிட்டார்.

அந்த மாத்திரையை நிறுத்தினார்கள். ரத்தத்தைச் சுத்தம் செய்ய மூன்று தடவை மெஷினில் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, வாழ்நாள் முழுக்க இந்த மெஷின் வேண்டியிருக்கும் என்று சொல்லிவிடக் கூடாதே என்று தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். மெல்ல மெல்ல வீக்கம் வடிந்தது. பதினைந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார், "மெஷின் இப்போதைக்கு வேண்டாம். ஆனா கிட்னி பாதிதான் மிச்சம். பழைய மாதிரி ஆகாது. ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். நின்னு செய்யற வேலை வேண்டாம்." வலி மாத்திரைக்குப் பதிலாக முட்டிக்கு ஒரு தைலமும் நாலு பயிற்சியும் கொடுத்தார்.

தள்ளுவண்டியை விற்றுவிட்டார்கள். ஸ்டேஷன் ரோட்டு முனையில் இப்போது வேறொருவர் ஜூஸ் கடை போட்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னால் தாங்க முடியாதது. திட்டுவாள் என்று பார்த்தால், அவள் தெரு முழுக்க என் புகழ் பாட ஆரம்பித்தாள். "அக்கா மட்டும் அன்னிக்கி தட்டிவுடலன்னா நான் பூட்டேன். டாக்டருக்கே தெரில, அக்கா கண்டுபுட்ச்சிது" என்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொன்னாள். மாடி வீட்டு வாத்தியார் எனக்குக் கை கொடுத்தார். அவள் மகள் ஒரு சேலை வாங்கி வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, காலில் விழுந்து கொடுத்தாள். அந்தச் சேலை பீரோவில் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. உடுத்த முடியவில்லை.

"நான்தானே அந்த மாத்திரையை வாங்கிக் கொடுத்தேன்" என்று ஒரு நாள் அவளிடம் ஆரம்பித்தேன்.

"நான் கேட்டேன், நீ வாங்கியாந்த. நீ இன்னா பண்ணுவ? உனக்கு இன்னா தெரியும்?" என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆடி மாதம் மாத்திரை நாள் வந்தது. இந்தத் தடவை அவளும் வந்தாள், ஆஸ்பத்திரிக் காகிதங்களை டிஸ்பென்சரியில் காட்ட வேண்டும். ரயிலில் என் தோளில் சாய்ந்துகொண்டே வந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது. டாக்டர் எல்லாக் காகிதத்தையும் ஒன்றுவிடாமல் படித்தார். நோட்டைப் பின்னாலிருந்து முன்னால் புரட்டினார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்து, "இப்ப எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டார்.

இத்தனை மாதப் பழக்கம் அவளுக்கும் ஒட்டிக்கொண்டதோ என்னவோ, சிரித்துக்கொண்டே என்னைக் கை காட்டினாள்.

"அக்காவக் கேளு மேடம். என்னிய பத்தி என்னவிட அதுக்குத்தான் தெரியும். அதாலதான் நான் உசுரோட கீறேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. காத்திருந்தார். ஒவ்வொரு மாதமும் அதே நாற்காலியில் இருந்து என்னைப் பார்த்துத்தான் கேட்டார். ஒவ்வொரு மாதமும் நான் சொன்னதை நம்பித்தான் எழுதினார்.

"எனக்குத் தெரியாது மேடம்" என்றேன். "எனக்கு எப்பவுமே தெரியாது. நல்லா இருக்காங்கன்னு சும்மா சொன்னேன்."

அவள் சிரிப்பு நின்றது. நான் அவள் பக்கம் திரும்பினேன். அப்படியே நிறுத்தினால் இனி ஜென்மத்துக்கும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

"இவங்க உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. மூணு தடவை. நான் உன்கிட்ட ஒரு தடவைதான் சொன்னேன். அந்த மாத்திரை கிட்னிக்கு ஆகாதுன்னு முதல் நாளே சொன்னாங்க, என் காதால கேட்டேன். கால் வீங்கியிருக்குன்னு நீ சொல்லி அனுப்பினியே, அதை நான் இவங்ககிட்ட கேட்கவே இல்ல. மறந்துட்டேன். மறந்துட்டேன்னு சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு, ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொன்னதா உன்கிட்ட பொய் சொன்னேன்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "நானும் ஆளைப் பார்க்காம எழுதியிருக்கக் கூடாது" என்று மெதுவாகச் சொன்னார். அவர் அப்படிச் சொன்னதில் எனக்கு ஒரு ஆறுதலும் இல்லை.

அவள் எழுந்து போய் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தாள். மாத்திரை வாங்கும் கவுன்ட்டரில் தானே போய் நின்றாள், ஒவ்வொரு அட்டையாக எதற்கு என்று கேட்டாள். ரயிலில் எனக்கு எதிர் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வாய் ஓயாதவள் நான்கு ஸ்டேஷன் வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டுவாளா, அழுவாளா என்று நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

திருநின்றவூரில் இறங்கினோம். பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"அன்னிக்கி ஒண்ணும் இல்லன்னு வந்து சொன்னியேக்கா" என்றாள், தண்டவாளத்தைப் பார்த்தபடி. "அதுக்கு முன்னாடி நாலு நாளா எனக்கு தூக்கமே இல்ல. எங்க பொண்ண தனியா வுட்டுட்டு பூடுவனோன்னு பயம். நீ சொன்னல்ல, அன்னிக்கி நல்லா தூங்குனேன்."

நான் அழுதேன். அவள் அழவில்லை. கையை நீட்டினாள்.

"என் புக்கக் குடுக்கா. இன்மே நானே போய்க்கிறேன்."

பைக்குள் கையை விட்டு, அவள் நோட்டை எடுத்துக் கொடுத்தேன்.